வேர்ட்பிரஸ் ப்ளகின், தீம் அப்டேட்டை நம் சொந்த ரெப்போவிலிருந்து கொடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளையன்ட்டுகளுக்காக ப்ளகினோ தீமோ எழுதி, நிரலை கிட்ஹப் அல்லது கிட்லேபில் பூட்டிய ரெப்போவில் (அனுமதி உள்ளவர்கள் மட்டும் திறக்கக்கூடிய நிரல் களஞ்சியத்தில்) வைத்திருப்பவர்களுக்கான பக்கம் இது. வேர்ட்பிரஸ்.ஆர்க் டைரக்டரியில் இருக்கும் ப்ளகின்களுக்கு வருவதுபோல, உங்கள் ப்ளகினுக்கும் கிளையன்ட்டின் டாஷ்போர்டில் "புதிய பதிப்பு உள்ளது" என்று வர வேண்டும், ஒரு கிளிக்கில் அப்டேட் ஆக வேண்டும். அதற்கு என்ன செய்வது, எங்கெல்லாம் கவனம் தேவை என்பது கீழே.

டைரக்டரியில் இல்லாத ப்ளகினுக்கு அறிவிப்பு தானாக வருமா?

வராது. வேர்ட்பிரஸ் ஒரு நாளைக்கு இரண்டு முறை, அந்தத் தளத்தில் இருக்கும் ப்ளகின்களின் பட்டியலையும் அவற்றின் பதிப்பு எண்களையும் வேர்ட்பிரஸ்.ஆர்க் சர்வருக்கு அனுப்புகிறது. தீம்களுக்கும் அப்படியே. எவற்றுக்கெல்லாம் புதிய பதிப்பு உண்டு என்று அங்கிருந்து பதில் வரும். அந்தப் பதில் டேட்டாபேஸில் ஒரு டிரான்சியன்ட்டாக, அதாவது தற்காலிகப் பதிவாக, சேமிக்கப்படும். டாஷ்போர்டில் தெரியும் சிவப்பு எண்ணும், ப்ளகின் பட்டியலில் வரும் மஞ்சள் பட்டையும் அந்தச் சேமிப்பைப் படித்துக் காட்டப்படுபவைதான்.

உங்கள் ப்ளகினை அந்த சர்வருக்குத் தெரியாது. ஆகவே உங்கள் வேலை ஒன்றே ஒன்று: அந்தச் சேமிப்பில் உங்கள் ப்ளகினுக்கான பதிவு இடம்பெறச் செய்வது. அதற்கு அப்புறம் ஜிப்பை இறக்குவது, பிரிப்பது, பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைப்பது எல்லாவற்றையும் வேர்ட்பிரஸே பார்த்துக்கொள்ளும்.

ஜிப் ஃபைலை மின்னஞ்சலில் அனுப்பி, ஏற்றிக்கொள்ளச் சொன்னால் போதாதா?

ஒன்றிரண்டு தளங்கள் என்றால் போதும். 5.5 பதிப்பிலிருந்து (ஆகஸ்ட் 2020) ஏற்கெனவே இருக்கும் ப்ளகினின் மேலேயே ஜிப்பை ஏற்றி மாற்றிக்கொள்ள முடிகிறது.

தளங்கள் கூடினால் இது தாங்காது. எந்தத் தளத்தில் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்பது யாருக்கும் தெரியாமல் போய்விடும். பாதுகாப்புக் குறைபாடு ஒன்றைச் சரிசெய்து பதிப்பு வெளியிடும் நாளில், அது எல்லாத் தளங்களுக்கும் அன்றே போய்ச் சேர வேண்டும். மின்னஞ்சலை நம்பி அதைச் செய்ய முடியாது.

"அப்டேட் யூஆர்ஐ" என்ற ஹெடர் வரி எதற்கு? கட்டாயமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

ப்ளகினின் முதன்மை ஃபைலின் தலையில் பெயர், பதிப்பு, ஆசிரியர் என்று வரிகள் இருக்குமல்லவா, அங்கே எழுதும் இன்னொரு வரி இது. "இந்த ப்ளகினின் அப்டேட் இந்த முகவரியிலிருந்து வரும்" என்று அது அறிவிக்கிறது. ப்ளகின்களுக்கு இந்த வசதி 5.8 பதிப்பில் (ஜூலை 2021) வந்தது. தீம்களுக்கு 6.1 பதிப்பில் (நவம்பர் 2022) வந்தது, அங்கே ஸ்டைல்.சிஎஸ்எஸ் ஃபைலின் தலையில் எழுத வேண்டும்.

இது இல்லாவிட்டால் என்ன ஆகும்? ஒரு மருத்துவமனைத் தளத்துக்காக "அப்பாயின்ட்மென்ட்-ஃபார்ம்" என்ற ஃபோல்டர் பெயரில் ஒரு ப்ளகின் எழுதுகிறீர்கள், பதிப்பு 1.2 என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கே முகம் தெரியாத ஒருவர் அதே பெயரில் ஒரு ப்ளகினை டைரக்டரியில் பதிப்பு 3.0 ஆக வெளியிடலாம். உங்கள் கிளையன்ட்டின் டாஷ்போர்டில் "3.0 வந்திருக்கிறது" என்று அறிவிப்பு வரும். அவர் நல்லெண்ணத்தோடு அதைக் கிளிக் செய்வார். உங்கள் நிரல் போய்விடும், அந்த இடத்தில் யாரோ எழுதிய நிரல் உட்கார்ந்திருக்கும். தற்செயலாக நடந்தாலே தளம் படுத்துவிடும். வேண்டுமென்றே செய்தால் அது தாக்குதல். நிறுவனங்கள் உள்ளுக்குள் பயன்படுத்தும் பேக்கேஜ்களின் பெயரைப் பொதுக் களஞ்சியத்தில் பதிவு செய்து உள்ளே நுழைய முடியும் என்று 2021 பிப்ரவரியில் வெளியான ஆய்வு, பெரிய பெரிய நிறுவனங்களையே அசைத்துப் பார்த்தது. வேர்ட்பிரஸில் அதே ஓட்டையை அடைப்பதுதான் இந்த வரி.

சொந்த அப்டேட் சர்வர் வைக்கும் எண்ணமே இல்லை என்றாலும் எழுதுங்கள். மதிப்பாக "ஃபால்ஸ்" என்று போட்டால் போதும். 5.8க்கு முந்தைய வேர்ட்பிரஸில் இந்த வரிக்குப் பலன் இல்லை. அங்கே வெளியே போகும் பட்டியலிலிருந்து உங்கள் ப்ளகினின் பெயரை, ஹெச்டிடிபி கோரிக்கைக்கான ஃபில்டரில் (வேர்ட்பிரஸின் வேலைக்கு நடுவே நம் நிரலை மாட்டும் இடத்தில்) நீக்கிவிடலாம். அதைவிட, அந்தத் தளத்தின் வேர்ட்பிரஸை முதலில் அப்டேட் செய்வதே சரியான வைத்தியம்.

சரி, வரியை எழுதிவிட்டேன். அடுத்து நிரலில் என்ன எழுத வேண்டும்?

அந்த முகவரியில் இருக்கும் டொமைன் பெயரை வைத்து வேர்ட்பிரஸ் ஒரு ஃபில்டரைக் கூப்பிடும். ஃபில்டரின் பெயர் "அப்டேட்_ப்ளகின்ஸ்_" என்று தொடங்கி உங்கள் டொமைனில் முடியும், தீமுக்கு "அப்டேட்_தீம்ஸ்_". அதில் உங்கள் ஃபங்ஷனை மாட்டி, உங்கள் சர்வரையோ கிட்ஹப் ஏபிஐயையோ (நிரல்கள் கிட்ஹப்பிடம் தகவல் கேட்கும் வாசல்) கேட்டு, ஓர் அர்ரேயைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஸ்லக் (ப்ளகினின் சுருக்கப் பெயர்), பதிப்பு எண், ஜிப் இருக்கும் முகவரி, விவரப் பக்கத்தின் முகவரி ஆகியவை அதில் இருந்தால் போதும். எந்த வேர்ட்பிரஸ் பதிப்பு வரை சோதித்தது, குறைந்தபட்சம் எந்த பிஹெச்பி தேவை என்பதையும் சேர்த்துவிடுங்கள். பழைய பிஹெச்பி ஓடும் தளத்தில் அப்டேட் பட்டனைத் தடுக்க அது உதவும்.

பதிப்புகளை ஒப்பிடும் வேலையை வேர்ட்பிரஸே செய்கிறது. உங்களுடையது பெரிய எண் என்றால் அறிவிப்பு வரும். இல்லாவிட்டால் "அப்டேட் தேவையில்லை" என்ற பட்டியலில் அது உங்கள் ப்ளகினைச் சேர்க்கும். அந்தப் பட்டியலில் இருந்தால்தான் தானியங்கி அப்டேட்டை இயக்கும் இணைப்பு ப்ளகின் பக்கத்தில் தெரியும். ஆகவே புதிய பதிப்பு இல்லாத நாளிலும் அர்ரேயைத் திருப்பிக் கொடுங்கள்.

இங்கே அடிக்கடி சிக்கும் இடம் டேக் பெயர், அதாவது ஒரு பதிப்புக்கு ரெப்போவில் இடும் அடையாளப் பெயர். கிட்டில் "வி1.4.0" என்று டேக் போடுவது பலருக்கும் வழக்கம். அதை அப்படியே பதிப்பு எண்ணாகக் கொடுத்தால் பிஹெச்பியின் பதிப்பு ஒப்பீட்டு ஃபங்ஷன், முன்னால் இருக்கும் அந்த "வி"யைத் தனக்குத் தெரியாத சொல்லாக எடுத்துக்கொண்டு எல்லா எண்களையும்விடக் கீழே வைத்துவிடும். பிழைச் செய்தி வராது, அறிவிப்பும் வராது. டேக்கிலிருந்து அந்த ஓர் எழுத்தை வெட்டிவிட்டுக் கொடுங்கள்.

"விவரங்களைக் காண்க" என்பதைக் கிளிக் செய்தால் திறக்கும் சாளரத்துக்கு ப்ளகின்ஸ்_ஏபிஐ என்ற இன்னொரு ஃபில்டர் உண்டு. மாற்றங்களின் பட்டியலை அங்கே கொடுக்கலாம். கொடுங்கள். எதற்காக அப்டேட் செய்கிறோம் என்று தெரிந்துகொள்ள கிளையன்ட்டுக்கு இருக்கும் ஒரே இடம் அது.

அப்டேட் ஆனதும் ப்ளகின் செயலிழந்துவிடுகிறது. ஏன்?

கிட்ஹப் தரும் ஜிப்பைக் கணினியில் இறக்கித் திறந்து பாருங்கள். உள்ளே இருக்கும் ஃபோல்டரின் பெயர் உங்கள் ப்ளகினின் பெயராக இருக்காது. ஏபிஐ வழியாக வந்த ஜிப் என்றால் கணக்கின் பெயர், ரெப்போவின் பெயர், கமிட்டின் ஹேஷ் மூன்றும் கோடு போட்டு ஒட்டியிருக்கும். டேக் பக்கத்திலிருந்து எடுத்ததென்றால் ரெப்போ பெயரோடு பதிப்பு எண் ஒட்டியிருக்கும்.

வேர்ட்பிரஸ் அப்டேட்டர் ஜிப்புக்குள் என்ன ஃபோல்டர் பெயர் இருக்கிறதோ அதே பெயரில்தான் புதியதை வைக்கும். பழைய ஃபோல்டரை அழித்துவிடும். ஆனால் "எந்தெந்த ப்ளகின் இயங்க வேண்டும்" என்று டேட்டாபேஸில் இருக்கும் பட்டியலில் பழைய ஃபோல்டரின் பெயர்தானே இருக்கிறது? அந்தப் பாதையில் ஃபைல் இல்லை என்றதும், "ப்ளகின் ஃபைல் இல்லை" என்று சொல்லிச் செயலிழக்கச் செய்துவிடும்.

தீமில் இது இன்னும் வேதனையாக இருக்கும். கஸ்டமைசரில் செய்த அமைப்புகள், லோகோ, மெனு எந்த இடத்தில் வர வேண்டும் என்பதெல்லாம் தீமின் ஃபோல்டர் பெயரோடு சேர்ந்த ஓர் ஆப்ஷனில்தான் சேமிக்கப்படுகின்றன. ஃபோல்டர் பெயர் மாறினால் அவை அழிவதில்லை, ஆனால் புதிய பெயருக்கு அவை கிடைப்பதில்லை. கிளையன்ட்டின் கண்ணுக்கு எல்லாம் போய்விட்டதாகத்தான் தெரியும்.

இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, "அப்கிரேடர்_சோர்ஸ்_செலக்ஷன்" என்ற ஃபில்டரில், பிரித்த ஃபோல்டரின் பெயரைச் சரியான பெயராக மாற்றிவிடுவது. இப்போது அப்டேட் ஆவது உங்கள் ப்ளகின்தானா என்று முதலில் பார்த்துவிட்டு மாற்றுங்கள். மற்றவர்களின் ஃபோல்டரைத் தொட்டுவிடக் கூடாது. இன்னொன்று, சரியான ஃபோல்டர் பெயரோடு நீங்களே ஜிப் தயாரித்து ரிலீஸில் இணைப்பது. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். காரணம் அடுத்த பதிலில்.

கிட்ஹப் தானாகத் தரும் ஜிப்பா, நாமே கட்டும் ஜிப்பா?

நாமே கட்டுவது. தானாக வரும் ஜிப்பில் ரெப்போவில் இருப்பது மட்டுமே இருக்கும். கம்போசர் (பிஹெச்பி லைப்ரரிகளை இறக்கும் கருவி) இறக்கிய வெண்டர் ஃபோல்டரோ, என்பிஎம் (ஜாவாஸ்கிரிப்ட்டுக்கான அதுபோன்ற கருவி) கட்டிய ஜாவாஸ்கிரிப்ட் ஃபைல்களோ ரெப்போவில் பெரும்பாலும் இருக்காது. அந்த ஜிப் தளத்தில் ஏறியதும் ஃபேட்டல் எரர் (நிரலை அங்கேயே நிறுத்திவிடும் பிழை) வரும்.

டேக் போட்டதும் கிட்ஹப் ஆக்ஷன்ஸ் அல்லது கிட்லேப் சிஐ (இப்படிப்பட்ட வேலைகளைத் தானாகச் செய்யும் வசதிகள்) ஓடி, சார்புகளை இறக்கி, சோதனை ஃபைல்களை நீக்கி, சரியான ஃபோல்டர் பெயரோடு ஜிப் கட்டி ரிலீஸில் சேர்த்துவிடும்படி ஒருமுறை அமைத்துவிடுங்கள். கட்டும் வேலையே இல்லாத சின்ன ப்ளகின் என்றால், கிட்ஆட்ரிபியூட்ஸ் ஃபைலில் "எக்ஸ்போர்ட்-இக்னோர்" குறித்து, தேவையில்லாதவற்றை ஜிப்பில் வராமல் செய்வதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பூட்டிய ரெப்போவின் ரிலீஸ் ஃபைலை இறக்கும்போது ஒரு நுணுக்கம். அந்த ஃபைலின் ஏபிஐ முகவரியைக் கேட்கும்போது, "அக்செப்ட்" ஹெடரில் பைனரி ஃபைல் வேண்டும் என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஜிப்புக்குப் பதிலாக அதைப் பற்றிய ஜேசன் தகவல்தான் வரும். சொன்னால், தற்காலிகக் கையொப்பம் சேர்ந்த வேறொரு முகவரிக்குத் திருப்பிவிடும். அந்த இரண்டாவது முகவரிக்கும் நம் டோக்கனை, அதாவது ரெப்போவைத் திறக்கும் ரகசிய அனுமதிச் சொல்லை, தூக்கிக்கொண்டு போனால், ஒரே கோரிக்கையில் இரண்டு அனுமதி இருக்கிறதென்று ஸ்டோரேஜ் சர்வர் மறுத்துவிடலாம். டோக்கன் ஹெடரை கிட்ஹப் ஏபிஐ டொமைனுக்கு மட்டும் சேர்க்கும்படி எழுதுங்கள்.

முகவரி சரியாக இருந்தும் 404 வருகிறதே?

அனுமதி இல்லாதவருக்கு பூட்டிய ரெப்போ "இருக்கிறது" என்பதைக்கூட கிட்ஹப் காட்டிக்கொள்வதில்லை. அதனால்தான் "அனுமதி இல்லை" என்று சொல்லாமல் "காணவில்லை" என்கிறது. டோக்கன் போய்ச் சேர்கிறதா, காலாவதி ஆகிவிட்டதா, அந்த ரெப்போவுக்கு அதில் அனுமதி உண்டா என்று பாருங்கள்.

டோக்கனை எங்கே வைப்பது?

ப்ளகின் நிரலுக்குள் வைக்கவே கூடாது. ப்ளகின் இருக்கும் ஒவ்வொரு தளத்திலும், ஒவ்வொரு பேக்கப் ஜிப்பிலும் அந்த டோக்கன் இருக்கும். ஹோஸ்டிங் கடவுச்சொல் தெரிந்த யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

நீங்களே பராமரிக்கும் தளங்கள் என்றால் தளத்தின் அமைப்புகள் இருக்கும் டபிள்யூபி-கான்ஃபிக் ஃபைலில் ஒரு கான்ஸ்டன்ட்டாக வையுங்கள். கிட்ஹப்பில் பழைய வகை டோக்கன், புதிய வகை டோக்கன் என்று இரண்டு உண்டு. பழைய வகையில் பூட்டிய ரெப்போவைப் படிக்க அனுமதி கொடுத்தால், உங்கள் கணக்குக்கு எட்டும் எல்லா ரெப்போக்களிலும் எழுதவும் அனுமதி போய்விடுகிறது. ஒரு தளம் ஹேக் ஆனால் உங்கள் எல்லா கிளையன்ட்டுகளின் நிரலும் அந்தக் கையில். "ஃபைன்-கிரெய்ன்ட்" எனப்படும் புதிய வகையில் ஒரே ஒரு ரெப்போவைத் தேர்ந்து, உள்ளடக்கத்தைப் படிக்க மட்டும் அனுமதி கொடுக்கலாம். அதைத்தான் எடுங்கள். தளத்துக்கு ஒரு டோக்கன் என்று வைத்தால், ஒரு தளத்தில் பிரச்சினை வந்தால் அந்த ஒன்றை மட்டும் ரத்து செய்யலாம். காலாவதித் தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். டோக்கன் முடிந்தால் அப்டேட் சத்தமில்லாமல் நின்றுபோகும்.

ப்ளகினை விற்கிறீர்கள், வாங்கியவர்கள் யார் என்றே தெரியாது என்றால் டோக்கன் வழியே வேண்டாம். நடுவில் உங்கள் சர்வர் ஒன்று இருக்கட்டும். கிளையன்ட் தளம் லைசென்ஸ் எண்ணோடு உங்கள் சர்வரைக் கேட்கும். சர்வர் சரிபார்த்து, சில நிமிடங்களே செல்லுபடியாகும் இறக்கு முகவரியைக் கொடுக்கும். கிட்ஹப் டோக்கன் உங்கள் சர்வரை விட்டு வெளியே வராது.

சில தளங்களில் மட்டும் அப்டேட் பரிசோதனை தோற்கிறது. என்ன காரணம்?

பொது ரெப்போவை டோக்கன் இல்லாமல் கேட்கிறீர்களா என்று பாருங்கள். டோக்கன் இல்லாத கேள்விகளுக்கு கிட்ஹப் ஏபிஐ ஒரு ஐபி முகவரிக்கு மணிக்கு 60 என்று வரம்பு வைத்திருக்கிறது. ஷேர்டு ஹோஸ்டிங்கில் நூற்றுக்கணக்கான தளங்கள் ஒரே ஐபியில் இருக்கும். பக்கத்துத் தளம் உங்கள் பங்கையும் தின்றுவிடும். டோக்கனோடு கேட்டால் மணிக்கு 5,000.

எப்படியிருந்தாலும் வந்த பதிலைச் சில மணி நேரமாவது கேச் செய்யுங்கள். தோல்வியையும் கொஞ்ச நேரம் கேச் செய்யுங்கள். இல்லாவிட்டால் சர்வர் விழுந்திருக்கும் நேரத்தில் ஒவ்வொரு கேள்வியும் காத்துக் கிடந்து டாஷ்போர்டை மந்தமாக்கும். பழைய பாணியில், டிரான்சியன்ட்டைப் படிக்கும்போது ஓடும் ஃபில்டரில் நேரடியாக ஏபிஐயைக் கேட்கும் நிரல்களை இன்னும் பார்க்கிறேன். அந்த ஃபில்டர் டாஷ்போர்டின் ஏறத்தாழ ஒவ்வொரு பக்கத்திலும் ஓடும். அங்கே வெளியுலகத்தைக் கேட்கவே கூடாது.

எங்கள் கிட்லேப் அலுவலக நெட்வொர்க்குக்குள் இருக்கிறது. அறிவிப்பு வருகிறது, இறக்கம் மட்டும் தோற்கிறது.

ஜிப்பை இறக்கும்போது வேர்ட்பிரஸ் பாதுகாப்பு கருதி முகவரியைப் பரிசோதிக்கிறது. 10, 127 என்று தொடங்கும் ஐபிகள், 192.168 என்று தொடங்குபவை போன்ற உள் நெட்வொர்க் முகவரிகளை ஏற்காது. 80, 443, 8080 தவிர்த்த போர்ட்டுகளையும் ஏற்காது. "சரியான முகவரி தரப்படவில்லை" என்று மொட்டையாக ஒரு செய்தி வரும். உங்கள் கிட்லேப்பின் டொமைனை மட்டும் அனுமதிக்க ஒரு ஃபில்டரும், போர்ட்டை அனுமதிக்க இன்னொரு ஃபில்டரும் உண்டு. எல்லா முகவரிகளையும் திறந்துவிடும் நிரல் துண்டுகள் இணையத்தில் சுற்றுகின்றன. அவற்றை எடுக்காதீர்கள், அந்தத் தடை இருப்பதற்குக் காரணம் இருக்கிறது.

எல்லாவற்றையும் நாமே எழுத வேண்டுமா? தயாராக எதுவும் இல்லையா?

இருக்கிறது. "ப்ளகின் அப்டேட் செக்கர்" என்ற திறந்த மூல லைப்ரரியை உங்கள் ப்ளகினுக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம். கிட்ஹப், கிட்லேப், பிட்பக்கெட் மூன்றையும் அது அறியும். டோக்கன் கொடுக்க, கிளையைத் தேர்ந்தெடுக்க, ரிலீஸ் ஃபைலை எடுக்க எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு வரிதான். ஃபோல்டர் பெயர்ச் சிக்கலையும் பார்த்துக்கொள்கிறது. தீம்களுக்கும் பொருந்தும். "கிட் அப்டேட்டர்" இன்னொரு வகை: அது தனி ப்ளகினாகத் தளத்தில் இருந்துகொண்டு, ஹெடரில் ரெப்போ முகவரி எழுதிய எல்லா ப்ளகின்களுக்கும் தீம்களுக்கும் அப்டேட் கொண்டுவரும்.

பல கிளையன்ட்டுகளுக்குக் கொடுக்கும் ப்ளகின் என்றால் முதலாவது. உங்கள் சொந்தத் தளங்கள், பல ரெப்போக்கள் என்றால் இரண்டாவது. எதை எடுத்தாலும் அப்டேட் யூஆர்ஐ வரியை விட்டுவிடாதீர்கள்.

செயலில் இல்லாத ப்ளகினுக்கு அறிவிப்பு வரவில்லையே? மல்ட்டிசைட்டிலும் அப்படித்தான்.

அப்டேட்டைக் கேட்கும் நிரல் அந்த ப்ளகினுக்குள்ளேயே இருக்கிறது. ப்ளகின் இயங்கவில்லை என்றால் அந்த நிரலும் இயங்காது. ஒரே வேர்ட்பிரஸில் பல தளங்கள் ஓடும் மல்ட்டிசைட்டில், ஒரு துணைத் தளத்தில் மட்டும் இயக்கியிருந்தால், அப்டேட் நடக்கும் நெட்வொர்க் டாஷ்போர்டில் அது ஏற்றப்படுவதில்லை. அப்டேட் நிரலைத் தனியே எடுத்து, எப்போதும் இயங்கும் ப்ளகின்களுக்கான எம்யூ-ப்ளகின்ஸ் ஃபோல்டரில் வைத்தால் இரண்டும் தீரும். ஆனால் அந்த ஃபோல்டரில் இருப்பவற்றை வேர்ட்பிரஸ் அப்டேட் செய்யாது. ஆகவே அங்கே வைக்கும் நிரல் சின்னதாக, அடிக்கடி மாறத் தேவையில்லாததாக இருக்கட்டும்.

கிளையன்ட் தீம் ஃபைல்களில் கைவைத்து மாற்றியிருக்கிறார். அப்டேட் செய்தால் என்ன ஆகும்?

அவர் செய்த மாற்றம் எல்லாம் போய்விடும். வேர்ட்பிரஸ் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்காது, பழைய ஃபோல்டரை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கும்.

முதலில் தளத்தில் இருக்கும் தீமை இறக்கி, ரெப்போவில் அதே பதிப்பின் டேக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எந்த வரிகள் மாறியிருக்கின்றன என்று கிட் சொல்லிவிடும். அவற்றை ஒரு சைல்டு தீமுக்கு (மூலத் தீமின் மேல் மாற்றங்களை மட்டும் வைக்கும் துணைத் தீமுக்கு) நகர்த்துங்கள். சைல்டு தீமுக்குத் தனி ரெப்போ, தனிப் பதிப்பு எண். மூலத் தீமின் அப்டேட் அதைத் தொடாது. இனி யாரும் டாஷ்போர்டிலிருந்தே ஃபைல்களைத் திருத்தாதபடி எடிட்டரை மூட, டபிள்யூபி-கான்ஃபிகில் "டிஸ்அலவ்_ஃபைல்_எடிட்" வரியைச் சேருங்கள். "டிஸ்அலவ்_ஃபைல்_மாட்ஸ்" என்பது வேறு. அதைப் போட்டால் அப்டேட்டே நின்றுவிடும்.

தானியங்கி அப்டேட்டை இயக்கலாமா?

இயக்கலாம், வரிசை வைத்துக்கொண்டால். முதலில் உங்கள் சோதனைத் தளம், அப்புறம் அதிகம் பாதிக்காத ஒன்றிரண்டு தளங்கள், பிறகு மற்றவை. நடுவில் உங்கள் சர்வர் இருந்தால், எந்தத் தளத்துக்கு எந்தப் பதிப்பைச் சொல்வது என்பது உங்கள் கையில். இது டைரக்டரியில் கிடைக்காத வசதி. சொந்த ரெப்போவின் பெரிய லாபமே இதுதான் என்பேன்.

தோற்றால் பழையதற்குத் திரும்ப வேர்ட்பிரஸில் இரண்டு வலைகள் இருக்கின்றன. 6.3 பதிப்பிலிருந்து (ஆகஸ்ட் 2023), அப்டேட் பாதியில் நின்றால் முன்பிருந்த ஃபைல்களைத் திரும்ப வைக்கும். 6.6 பதிப்பிலிருந்து (ஜூலை 2024), இயங்கிக்கொண்டிருக்கும் ப்ளகினைத் தானியங்கியாக அப்டேட் செய்தபின் ஃபேட்டல் எரர் வருகிறதா என்று பார்த்து, வந்தால் பழைய பதிப்புக்குத் திரும்பும். டேட்டாபேஸில் உங்கள் ப்ளகின் செய்த மாற்றத்தை இரண்டுமே திருப்பாது. டேபிளின் அமைப்பை மாற்றும் பதிப்பைக் கையால், பேக்கப் எடுத்துக்கொண்டு செய்யுங்கள்.

இன்னொன்று: தளத்தின் மூல ஃபோல்டரில் கிட் ஃபோல்டர் இருந்தால், வேர்ட்பிரஸ் தானியங்கி அப்டேட்டை நிறுத்திவைக்கும். டெவலப்பர் கையால் பராமரிக்கும் தளம் என்று அது முடிவு செய்துகொள்கிறது.

இறங்கும் ஜிப் நம்முடையதுதான் என்று எப்படி உறுதி செய்வது?

ஹெச்டிடிபிஎஸ் வழித்திருட்டைத் தடுக்கும். சர்வரே கைமாறினால் தடுக்காது. அதற்கு ஜிப்பில் கையொப்பம் வேண்டும். உங்கள் ரகசியச் சாவியால் ஜிப்பைக் கையொப்பமிட்டு, பொதுச் சாவியை ப்ளகினுக்குள் வைத்து, பிரிப்பதற்கு முன் சரிபார்க்கலாம். தேவையான சோடியம் ஃபங்ஷன்கள் வேர்ட்பிரஸ் 5.2 முதலே உடன் வருகின்றன. ரகசியச் சாவி அப்டேட் சர்வரில் இருக்கக் கூடாது, அது இருந்தால் பயனே இல்லை. பணம் புழங்கும் தளங்களுக்கு ப்ளகின் எழுதுபவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

கம்போசர் வழியாகச் செய்தால் இதெல்லாம் தேவையில்லையே?

ஆமாம். உங்கள் குழுவே தளத்தை ஏற்றி இறக்குகிறது, கிளையன்ட் டாஷ்போர்டில் அப்டேட் பட்டனைத் தொடப்போவதில்லை என்றால் கம்போசர்தான் சுத்தமான வழி. பூட்டிய ரெப்போவை நேரடியாகக் குறிக்கலாம், அல்லது சாட்டிஸ் என்ற கருவியை வைத்துச் சொந்தப் பேக்கேஜ் பட்டியல் நடத்தலாம். பதிப்புகள் லாக் ஃபைலில் பதிவாகும். அப்படிச் செய்யும்போது "டிஸ்அலவ்_ஃபைல்_மாட்ஸ்" போட்டு டாஷ்போர்டு அப்டேட்டை மூடிவிடுங்கள். இரண்டு வழியும் திறந்திருந்தால் ஒன்று செய்ததை மற்றொன்று அழிக்கும்.

ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தில் இருக்கும் நிரலைப் பூட்டிய ரெப்போவில் வைக்கலாமா?

வைக்கலாம். யாரிடம் கொடுக்கிறீர்களோ அவருக்கு மூல நிரலும் அதைத் திருத்தும், பகிரும் உரிமையும் போக வேண்டும் என்றுதான் உரிமம் சொல்கிறது. உலகத்துக்கே திறந்து வைக்கச் சொல்லவில்லை.

வேர்ட்பிரஸ்.ஆர்க் இருக்கும்போது இவ்வளவு சிரமம் எதற்கு?

பொதுவில் எல்லோருக்கும் பயன்படும் ப்ளகின் என்றால் அங்கேயே வையுங்கள். ஆனால் 2024ல் நடந்ததைக் கவனித்தவர்களுக்கு இந்தக் கேள்வி முன்போல எளிதாக இல்லை. அந்த ஆண்டு செப்டம்பரில் டபிள்யூபி எஞ்சின் நிறுவனத்தின் சர்வர்களுக்கு வேர்ட்பிரஸ்.ஆர்க் தன் சேவையை அடைத்தது. அக்டோபரில் அந்த நிறுவனத்தின் அட்வான்ஸ்டு கஸ்டம் ஃபீல்ட்ஸ் ப்ளகினின் டைரக்டரி இடத்தைத் தன்வசம் எடுத்து, செக்யூர் கஸ்டம் ஃபீல்ட்ஸ் என்று பெயர் மாற்றியது. டிசம்பரில் அமெரிக்க நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்து, பழைய நிலையைத் திரும்பக் கொண்டுவர உத்தரவிட்டது. யார் பக்கம் நியாயம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். லட்சக்கணக்கான தளங்களுக்கு அப்டேட் வரும் குழாய் ஒரே இடத்தில் இருக்கிறது என்பது அப்போது எல்லோருக்கும் தெரிந்தது. 2025 ஜூனில் லினக்ஸ் ஃபவுண்டேஷன் ஆதரவில் ஃபேர் என்ற திட்டம் தொடங்கப்பட்டதும் அப்டேட்டுகளைப் பல இடங்களிலிருந்து பெறும் வழியை உருவாக்கத்தான்.

எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனாலும் அறிவிப்பு வரவில்லை. எங்கே தேடுவது?

அப்டேட் பக்கத்தில் "மீண்டும் சரிபார்" என்பதைக் கிளிக் செய்யுங்கள். டபிள்யூபி-சிஎல்ஐ (வேர்ட்பிரஸின் கமாண்ட் லைன் கருவி) இருந்தால் அப்டேட் டிரான்சியன்ட்டை அழித்துவிட்டுக் கேட்டுப் பாருங்கள். உங்கள் சொந்தக் கேச்சையும் அழியுங்கள், அதை மறந்துவிட்டுத்தான் பலர் மணிக்கணக்கில் தேடுகிறார்கள். ஃபில்டர் பெயரில் இருக்கும் டொமைனும் ஹெடரில் எழுதிய டொமைனும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா? "டபிள்யூடபிள்யூடபிள்யூ" ஓரிடத்தில் இருந்து இன்னோரிடத்தில் இல்லாமல் போனாலே ஃபில்டர் ஓடாது. அதுவும் சரி என்றால், ரிலீஸ் செய்த நிரலில் பதிப்பு எண்ணை உயர்த்தினீர்களா என்று பாருங்கள். டேக் 1.5 என்றும் உள்ளே ஹெடர் 1.4 என்றும் இருந்தால் அப்டேட் செய்தபின்பும் அறிவிப்பு போகாது, கிளையன்ட் திரும்பத் திரும்பக் கிளிக் செய்துகொண்டிருப்பார்.

கிளையன்ட் வேறு டெவலப்பரிடம் போகிறார். அல்லது நாங்கள் கடையை மூடுகிறோம். அப்போது?

அந்தத் தளங்கள் உங்கள் டொமைனை நம்பி ஒரு நாளைக்கு இரண்டு முறை கேட்டுக்கொண்டே இருக்கும். டொமைனைப் புதுப்பிக்காமல் விட்டால், அதை வாங்குகிறவர் அத்தனை தளங்களுக்கும் தன் நிரலை அனுப்ப முடியும். கையொப்பச் சரிபார்ப்பு இல்லாத இடங்களில் அவரைத் தடுக்க எதுவும் இல்லை.

ஆகவே விலகும்போது கடைசியாக ஒரு பதிப்பு வெளியிடுங்கள். அதில் அப்டேட் யூஆர்ஐ வரியில் "ஃபால்ஸ்" என்று இருக்கட்டும், அப்டேட் கேட்கும் நிரல் நீக்கப்பட்டிருக்கட்டும். ரெப்போவைக் கிளையன்ட்டின் கணக்குக்கு மாற்றிக் கொடுங்கள், டோக்கன்களை ரத்து செய்யுங்கள். எல்லாத் தளங்களும் அந்தக் கடைசிப் பதிப்புக்கு வந்துவிட்டதை சர்வர் பதிவுகளில் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகே டொமைனை விடலாம். வேர்ட்பிரஸ் கேட்கும்போது யூசர் ஏஜென்ட் என்ற ஹெடரில் தளத்தின் முகவரியையும் சேர்த்தே அனுப்புவதால், எது இன்னும் வரவில்லை என்பது அதிலேயே தெரிந்துவிடும்.